சுகமானி சொன்ன சாட்சி

ஏரிக்கரை நகரில் ஏரியும் இல்லை, கரையும் இல்லை. ஏரி இருந்த இடத்தில் நகர் இருந்தது. ஆனால் ஏரி அத்தனை சுலபத்தில் காலி செய்துவிட்டுப் போகிற குடித்தனம் இல்லை. லாரி லாரியாக மண்ணைக் கொட்டி, அதன் தலைமேல் பதினெட்டு மாடி ஏற்றிய பிறகும், அது சத்தமில்லாமல் சுவருக்குள் குடிபுகுந்துவிட்டது. தரைத்தளத்து ஆறாம் எண் வீட்டின் மேற்குச் சுவரில், செண்பகவல்லி குடிவந்த ஏழு மாதத்துக்குள் ஓதம் ஆளுயரம் ஏறியிருந்தது.

உப்பு ஜாடியைக் கவிழ்த்தால் உப்பு விழாது, ஒழுகும். டப்பாவில் இருக்கும் அப்பளத்தை வேட்டி மாதிரி மடிக்கலாம். பீரோவைத் திறந்தால் கல்யாணப் பட்டிலிருந்து பாழுங்கிணற்று வாடை வரும். இதெல்லாம் புலம்பித் தீர்த்துக்கொள்கிற சங்கதிகள். புலம்பித் தீராதது ஒன்று இருந்தது. அவள் மகளுக்கு ஆறு வயது. ஆசை ஆசையாகத் தென்றல் என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்த நேரமோ என்னவோ, அந்தப் பிள்ளை முழுசாக ஒரு மூச்சு விட்டு நாலு மாதமாகிறது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவதுபோல் சத்தம் வந்தது. “மருந்து நான் எழுதித் தரேன். வீட்டை நீங்கதான் மாத்தணும்” என்றுவிட்டார் டாக்டர்.

வீடு மாற்றுவது அப்போதெல்லாம் நினைத்தவுடன் நடக்கிற காரியமில்லை. ஒப்பந்தம் மூன்று வருஷம். தக்க காரணமின்றி நடுவில் முறித்தால் பெயர் ‘முறித்தவர் பட்டியலில்’ ஏறிவிடும். பிறகு ஐந்து வருஷத்துக்கு அந்த நகரத்தில் எந்த வீட்டுக் கதவும் அந்தப் பெயருக்குத் திறக்காது. கதவுகளே பெயர் பார்த்துத் திறக்கிற காலம். ஆகவே தக்க காரணத்தைப் பல கோணங்களில் படம் பிடித்துக்கொண்டு, ஒரு புதன்கிழமை காலை செண்பகவல்லி குடியிருப்போர் நல மன்றத்துக்குப் போனாள்.

நல அலுவலர் ஞானப்பிரகாசம் நல்ல மனிதர். படங்களை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை படர்ந்த சுவரைப் பார்த்து ‘த்சொ த்சொ’ என்று உச்சுக் கொட்டினார். பிறகு படங்களை ஓரமாக வைத்துவிட்டு, மேஜையில் எதையோ தட்டினார்.

“உங்க வீட்டுச் சுக எண் என்ன தெரியுமாம்மா? எண்பத்தேழு. ஏரிக்கரை நகர்லயே உங்க வீடுதான் முதல்.”

“எங்க வீடா? சார், செவுத்த ஒரு தடவ நல்லாப் பாருங்க.”

“சுவரைப் பாக்குற காலம் போயிடுச்சும்மா” என்றார் அவர். சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. “முந்தியெல்லாம் வீட்டைச் சோதிக்க ஆள் போவான். வீட்டுக்காரர் அவனுக்கு இளநீர் வெட்டிக் குடுப்பார். அவன் இளநீரைப் பாத்துட்டு, சுவரைப் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவான். அதுக்காகத்தான் சுகமானி கொண்டுவந்தோம். சுவரைக் கேக்காதே, சுவத்துக்குள்ள வாழறவங்களைக் கேளு. இதான் சட்டம்.”

சுகமானி என்பது ஒவ்வொரு வாடகை வீட்டின் கூடத்திலும் நிலைக்கு மேலே பதித்திருக்கும் தட்டு. பூரி அளவு இருக்கும். காலை ஏழு மணிக்கு இனிய பெண்குரலில் “சௌக்கியமா?” என்று கேட்கும். ஓரத்தில் ஏதோ ஒரு எண் மினுங்கும். அதைப் பற்றிச் செண்பகவல்லிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“அது உங்க பதிலை மட்டும் கேக்குறதில்ல. குரலைக் கேக்கும். நாள் பூரா நீங்க எப்படிப் பேசறீங்க, எப்படிச் சிரிக்கறீங்க, எல்லாத்தையும் கேட்டு எண் போடும். நாப்பதுக்குக் கீழ தொடர்ந்து முப்பது நாள் இருந்தா, வாழத் தகாத வீடுன்னு அர்த்தம். ஒப்பந்தம் தானா முறிஞ்சிடும். கேஸ் இல்ல, வக்கீல் இல்ல. அழுத பிள்ளைக்குத்தானேம்மா பால்? நீங்க அழவே இல்லியே.”

அவர் இன்னொரு தடவை தட்டினார். மேஜையிலிருந்து செண்பகவல்லியின் குரலே வரிசையாக வந்தது. சௌக்கியம். சௌக்கியம். ஆங், சௌக்கியம். சௌக்கியந்தான்.

“இருநூத்திப் பதினாலு நாள். ஒரு நாள்கூட மாத்திச் சொல்லல. நூத்தி மூணாவது நாள் இன்னும் விசேஷம். நீங்க அதைத் திருப்பி விசாரிச்சிருக்கீங்க.”

‘சௌக்கியம். நீங்க சௌக்கியமா?’ என்று கேட்டது மேஜை.

செண்பகவல்லிக்கு முகம் சிவந்தது. “அது ஒரு மரியாதைக்குக் கேட்டது சார். நம்மள விசாரிக்கவங்ககிட்ட நாமளும் விசாரிக்கணும்லா?”

“மரியாதைக்குத் தனியா ஒரு கட்டம் இந்தப் படிவத்துல இல்லம்மா.”

“வெளியே கேட்டா ஆயிரம் சொல்லுவேன் சார். வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு எப்படி நல்லால்லன்னு சொல்லது?”

ஞானப்பிரகாசம் சிரித்தார். “முப்பது நாள் உண்மையைச் சொல்லுங்க, போதும். வேற ஒண்ணும் செய்ய வேணாம்.” கேட்க எவ்வளவு சுலபமாக இருந்தது!

செண்பகவல்லி வளர்ந்த அம்பாசமுத்திரத்து வீட்டில் எதுவும் தீர்ந்துபோனதில்லை. அரிசிப் பானை காலியானால் அரிசி நிறைந்துவிட்டது என்று சொல்வார்கள். விளக்கு அணையாது, குளிரும். வெளியே கிளம்புகிறவர் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டால் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவார்கள். விளக்கேற்றுகிற வீட்டுக்குள் ‘இல்லை’ என்ற சொல் புழங்கக் கூடாது. மேலே போகிற தேவதைகளுக்கு ‘அப்படியே ஆகட்டும்’ என்று சொல்வதைத் தவிர வேறு வேலை கிடையாது என்பது ஐதீகம். அந்த வீட்டில் பிறந்த பெண்ணிடம் போய் ஒரு கருவி சௌக்கியமா என்று கேட்டால் அவள் வேறென்ன சொல்வாள்?

மறுநாள் காலை ஏழு மணிக்குச் செண்பகவல்லி தட்டுக்கு எதிரே, பரீட்சைக்கு வந்தவளைப்போல நின்றாள். “சௌக்கியமா?” என்றது அது. அவள் வாயைத் திறந்தாள். சாமி படத்தைப் பார்த்தாள். “இருக்கோம்” என்றாள். அது போதுமென்று எடுத்துக்கொண்டது. எண் எண்பத்தேழிலேயே நின்றது.

அவள் கணவன் சிதம்பரநாதனுக்கு இப்படிச் சங்கடமெல்லாம் கிடையாது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஷிப்ட் மேற்பார்வையாளன். நாளெல்லாம் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்துவிட்டு, மாலையில் உப்பு தண்ணீராகிற வீட்டுக்கு வருகிறவன். குறை சொல்வதில் மன்னன். “நீ தள்ளு, நான் சொல்லுதேன்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தட்டைப் பார்த்து ஆரம்பித்தான். கட்டியவன், கட்ட அனுமதி கொடுத்தவன், சுண்ணாம்பு அடித்தவன், அவன் தகப்பன் என்று ஒருவரையும் விடவில்லை. முக்கால் மணி நேரம். நடுவில் ஒரு தடவை காபி கேட்டு வாங்கிக் குடித்தான்.

முடித்தபோது எண் தொண்ணூற்றொன்று.

“சார் ரொம்ப சந்தோஷமாப் பேசியிருக்கார்” என்றார் ஞானப்பிரகாசம் தொலைபேசியில். “குரல்ல அப்படி ஒரு உற்சாகம். வீட்டை விட்டு வெளியே போனா இவ்வளவு உற்சாகம் இருக்குமான்னு யோசிச்சுக்கோங்க.”

சிதம்பரநாதன் அதோடு நாற்காலியை எடுத்த இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டான். மனம்விட்டுத் திட்டுவது இத்தனை ஆனந்தம் என்று யாராவது எண் போட்டுச் சொன்னால் யாருக்குத்தான் கூச்சமாக இருக்காது?

அடுத்த வாரம் ஒரு மதியம் நல்ல மழை. தென்றலுக்கு இழுப்பு கண்டது. செண்பகவல்லி கடையத்துத் தோப்பில் ஒரு தென்னையின் பாதியில் இருந்தாள். அதாவது, தேங்காய் பறிக்கும் இயந்திரத்தை வீட்டிலிருந்தபடியே ஏற்றி இறக்குவது அவள் உத்தியோகம். திரையில் சுள்ளென்று வெயில், இங்கே சுவரில் நீர்த்தாரை. இயந்திரத்தை அப்படியே மரத்தில் தொங்கவிட்டுவிட்டு ஓடி வந்தாள். சிதம்பரநாதனும் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். வீட்டிலேயே காய்ந்த இடம் அடுப்படி மூலை ஒன்றுதான். மூன்று பேரும் அங்கே ஒரே போர்வைக்குள் ஒடுங்கிக்கொண்டார்கள். ஆவி பிடிக்க வைத்தார்கள். மருந்தை உறிஞ்ச வைத்தார்கள். பிள்ளையின் கவனத்தைத் திருப்புவதற்காகச் சிதம்பரநாதன் ஆலை மேலாளரைப் போல் நடந்து காட்டினான். மூச்சுக்கு நடுவே தென்றல் சிரித்தாள். செண்பகவல்லிக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது. கால் மணி நேரத்தில் விசில் அடங்கி, பிள்ளை அம்மா மடியிலேயே கண்ணயர்ந்தாள். “நல்லாத் தூங்குதா” என்று மெதுவாகச் சொல்லி, சிதம்பரநாதன் மனைவியின் தலைமுடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டான்.

செண்பகவல்லி நிமிர்ந்தாள். அடுப்படியிலிருந்து பார்த்தால் கூடத்துத் தட்டு தெரியும். தொண்ணூற்றாறு.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வீடு எவ்வளவுக்கெவ்வளவு மோசமோ, அவர்கள் அவ்வளவுக்கவ்வளவு நெருங்கி உட்கார்ந்தார்கள். பிள்ளைக்கு மூச்சு முட்டமுட்ட அவர்கள் குரலில் அன்பு கூடியது. அத்தனை அன்பும் சிந்தாமல் சிதறாமல் வீட்டுக்காரர் கனகசபாபதியின் பக்கம் சாட்சியாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

எதிர் வீட்டு ரூபி டீச்சர் அந்த வாரம்தான் ஒப்பந்தத்திலிருந்து விடுதலை வாங்கியிருந்தாள். வாங்கிப்போன இட்லிக் கொப்பரையைத் திருப்பிக் கொடுக்க வந்தவளிடம் செண்பகவல்லி ரகசியம் கேட்டாள்.

“நாங்களும் மொதல்ல நடிச்சுப் பாத்தோம் செண்பகம். செல்லாது. அது பொய்ச் சண்டைய மோந்து பாத்துக் கண்டுபிடிச்சிடும். நெசமாச் சண்டை போடணும்.”

“எப்படி நெசமாப் போட்டிய?”

“நல்ல சண்டையா ஒண்ணு உள்ளயே இருக்கும். எடுத்து வெளிய வச்சா போதும்.” டீச்சர் கொப்பரையைக் கீழே வைத்தாள். “முப்பத்தோராம் நாள் வீட்டை விட்டாச்சு. அவரும் என்னை விட்டாச்சு. அவர் வேளச்சேரி, நான் ஆவடி. ரெண்டு வீட்லயும் ஈரம் இல்லையாம்.”

செண்பகவல்லி இதைக் கணவனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். “அவங்களுக்கு முன்னாடியே ஆகாது. நமக்கென்ன? ஒரு மாசம் மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டா முடிஞ்சுது. பிள்ளைக்காகத்தான?”

“ஆமா. பிள்ளைக்காகத்தான்” என்றாள் அவளும்.

தென்றல் பள்ளிக்கூடம் போனதும் ஒத்திகை நடந்தது. சாம்பாரில் உப்பு இல்லை என்று அவன் கத்துவதாக ஏற்பாடு. கத்தினான். இந்த வீட்டில் உப்பு எப்படி இருக்கும் என்று அவள் திருப்பிக் கத்தினாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எண் எண்பத்தெட்டு. மறுநாள் சிரிக்கக் கூடாதென்று எதிரெதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சண்டை போட்டார்கள். எண்பத்தைந்து. மூன்றாம் நாள் அவள் சற்று வேகமாகவே ஆரம்பித்தாள்.

“நாலு மாசமா பிள்ள மூச்சு விட முடியாமக் கெடக்கா. ஒங்க சொந்தத்துல ஒருத்தராவது என்ன ஏதுன்னு கேட்டாவளா? ஒரு ஒத்தாசைக்கு வந்தாவளா?”

இது எழுதிவைத்த வசனம்தான். அவனும் எழுதிவைத்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொந்தக்காரர்களைச் சொன்னதும் அவனுக்கு நிஜமாகவே சுருக்கென்றது.

“ஏன் கேக்கல? எங்க அக்கா, பிள்ளைய அனுப்புன்னு சொன்னால்லா? சங்கரன்கோயில்ல காஞ்ச காத்து, வீடு சரியாகுத வரைக்கும் நான் வச்சுக்கிடுதேன்னு...”

அவன் நிறுத்தினான். நிறுத்தியிருக்கவே வேண்டாம். நிறுத்தியதில்தான் எல்லாம் தெரிந்தது.

“எப்பச் சொன்னாவ?” என்றாள் செண்பகவல்லி. இப்போது அவள் கத்தவில்லை.

“மொத தடவ இழுத்தப்ப.”

“நீங்க என்ன சொன்னிய?”

“வேண்டாம்னேன். அத்தானப் பத்தித்தான் ஒனக்குத் தெரியுமே. பெத்த பிள்ளைய வச்சு வளக்க ஒரு வீடு இல்ல இவனுக்குன்னு நாலு பேர்ட்ட சொல்லுவாரு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

செண்பகவல்லி நாலு மாதத்தை நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு விசிலும் அவள் காதில் இருந்தது.

“எட்டு வருசமா நான் சௌக்கியம் சௌக்கியம்னு சொல்லிக்கிட்டு இருக்கது அந்தத் தட்டுகிட்ட மட்டும்னா நெனச்சிய?” என்றாள்.

சொன்ன பிறகு அவளே திகைத்தாள். அப்படி அவள் அதுவரை நினைத்ததுகூட இல்லை. கோபத்தில் வாயில் வந்த வார்த்தை என்று சொல்லிவிடலாம், எந்த வீட்டிலும் நடக்கிறதுதான். மாலையில் ஒரு காபியோடு அது கரைந்தும் போயிருக்கும். ஆனால் அந்த வீட்டில் ஒரு சாட்சி இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து தட்டைப் பார்த்தார்கள்.

நாற்பத்தொன்பது.

மூன்று நாளாக அவர்கள் நடித்த எதையும் அது நம்பவில்லை. இதை நம்பியது. சிதம்பரநாதன் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் வெளியே போனான். மறுநாள் காலை எண் முப்பத்தெட்டு. முதல் நாள் கணக்கு தொடங்கிவிட்டது.

அந்த வாரமே தென்றலைச் சங்கரன்கோயிலுக்கு அனுப்பினார்கள். சிதம்பரநாதனின் அக்கா உலகம்மாளே ரயிலேறி வந்து கூட்டிக்கொண்டு போனாள். கரிசல் காற்றில் ஒரே வாரத்தில் பிள்ளைக்கு விசில் நின்றது. திரையில் தெரிந்த முகத்தில் கன்னம் வைத்திருந்தது. “எப்பம்மா நான் வீட்டுக்கு வருவேன்?” என்று மட்டும் தினமும் கேட்டாள். அங்கிருந்த டாக்டரும் அதே கதைதான் சொன்னார்: இந்தப் பிள்ளையை மறுபடி அந்த வீட்டுக்குள் விடாதீர்கள். ஆக, பிள்ளை திரும்பி வரவேண்டுமானால் முப்பது நாள் முழுசாக ஓடியாக வேண்டும்.

அதற்காகப் பாடுபட வேண்டிய தேவையே இருக்கவில்லை. காலையில் “சௌக்கியமா?” என்று தட்டு கேட்கும். செண்பகவல்லி பதில் சொல்லமாட்டாள். இல்லை என்று சொல்லவில்லை, ஆகவே பாவமும் இல்லை என்று சமாதானம் செய்துகொண்டாள். அவன் சோற்றை மூடி வைத்திருந்தாள், அவன் தின்றான். துணியை மடித்து வைத்தாள், அவன் உடுத்தினான். தினமும் ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனான். முப்பத்தைந்து. முப்பத்து மூன்று. எண் குறையக் குறைய இருவருக்கும் நிம்மதியாகவும் பயமாகவும் இருந்தது. முப்பது நாள்தானே, முடிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள். அவனும் அப்படித்தான் நினைத்தான். பேசுவதை யார் முதலில் தொடங்குவது என்பதை மட்டும் இருவரும் மற்றவருக்கு விட்டுவைத்திருந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் காலை ஒப்பந்தம் தானாக முறிந்தது. சாவி வாங்கிக்கொள்ள வந்த கனகசபாபதி நிஜமாகவே மனம் வருந்தி நின்றார். “எண்பத்தேழு, தொண்ணூறுன்னு ராசியா வாழ்ந்த குடும்பம். என்ன கண் பட்டுச்சோ. உங்களுக்கு நான் என்னம்மா குறை வச்சேன்?” என்று ஈரச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். கையை எடுத்துப் பார்த்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

செண்பகவல்லி வாசல்படியைத் தாண்டும்போது பழக்கதோஷத்தில் வீட்டைத் திரும்பிப் பார்த்து, “போயிட்டு வாரோம்” என்று சொல்லிவிட்டாள். சிதம்பரநாதன் ஒரு நொடி நின்றான். அவள் அப்படி நல்ல வார்த்தை சொல்லி ஒரு மாதமாகியிருந்தது. ஆனால் அது சுவரைப் பார்த்துச் சொன்னது. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான்.

புது வீடு நகரின் மறுகோடியில், பாறைமேல் கட்டியது. கிழக்கு வெயில் கூடத்தின் நடுவரைக்கும் வந்து உட்கார்ந்தது. உப்பு உதிர்ந்தது. அப்பளம் நொறுங்கியது. தென்றல் ஊரிலிருந்து வந்த அன்றே வாசலுக்கும் கொல்லைக்குமாக ஓடி, ஓடி முடித்து, ஒரு சத்தமும் இல்லாமல் மூச்சு வாங்கினாள். செண்பகவல்லி அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்குத்தானே எல்லாம்? கிடைத்துவிட்டது. முழுசாகவே கிடைத்துவிட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் புது வீட்டுத் தட்டு கேட்டது: “சௌக்கியமா?”

“சௌக்கியம்” என்றாள். இந்தத் தடவை வீடு நிஜமாகவே நன்றாக இருந்தது.

தட்டு யோசித்தது. முப்பத்து நான்கு.

மறுநாளும் சௌக்கியம் என்றாள், முப்பத்து மூன்று. குரலைச் சற்று இழுத்து, பழையபடி ராகமாகச் சொல்லிப் பார்த்தாள். முப்பத்திரண்டு. பூஞ்சைக்கு நடுவே நின்று சொன்ன இருநூற்றிப் பதினாலு சௌக்கியத்தையும் அப்படியே நம்பியது, வெயிலில் நின்று சொன்ன ஒன்றையும் நம்ப மறுத்தது.

இருபத்தெட்டாம் நாள் ஞானப்பிரகாசம் நேரிலேயே வந்துவிட்டார். புது வீட்டுக்காரர் புகார் கொடுத்திருந்தார், என் வீட்டுக்கு என்ன கேடு என்று. ஞானப்பிரகாசம் மேற்குச் சுவரைத் தடவினார், கிழக்குச் சுவரைத் தடவினார். உள்ளங்கையைப் பார்த்தார். சுண்ணாம்புத் தூள்தான் இருந்தது. சமையலறை, குளியலறை எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார்.

“இந்த வீட்ல என்ன குறை? பயப்படாம சொல்லுங்க.”

“சௌக்கியந்தான் சார். நல்லாருக்கோம்” என்றார்கள் செண்பகவல்லியும் சிதம்பரநாதனும் ஒரே குரலில். இரண்டு மாதத்துக்குப் பின் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. மூன்று பேரும் தட்டைப் பார்த்தார்கள். அது முப்பத்திரண்டில் அசையாமல் நின்றது.

ஞானப்பிரகாசம் பெருமூச்சு விட்டுப் படிவத்தை நிரப்பினார். “கருவி பொய் சொல்லாது. இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனா, இதுவும் வாழத் தகாத வீடுதான். இருக்கறதுன்னா இருக்கலாம், போறதுன்னா தாராளமாப் போகலாம். பட்டியல்ல பேர் ஏறாது.”

“சார்” என்றாள் செண்பகவல்லி, “எங்க பழைய வீட்ல இப்ப யாரு இருக்கா?”

“அதுவா? புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி. தொண்ணூத்தி நாலு!” அவர் முகம் மலர்ந்தது. “நகரத்துலயே சிறந்த பத்து வீட்டுல அது ஒண்ணு. வாசல்ல பலகைகூட வச்சாச்சு.”

“மேக்குச் செவத்தோரம் மட்டும் கட்டில் போட வேண்டாம்னு அவங்ககிட்டச் சொல்லுதியளா?”

“தொண்ணூத்தி நாலுன்னு இருக்கறவங்ககிட்ட போய் என்னத்தம்மா சொல்றது?” என்று எழுந்துகொண்டார் அவர்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்றும் கடல் உப்பாகத்தான் இருக்கும் என்பதால் சிதம்பரநாதனுக்கு ஷிப்ட் இருந்தது. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் ஒன்றும் சொல்லாமல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். தென்றல் கூடத்து வெயிலில் படுத்துக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள்.

“சௌக்கியமா?” என்றது தட்டு.

செண்பகவல்லி விளக்குத் திரியைத் தூண்டினாள்.

“அம்மா, ஒங்கிட்டத்தான் கேக்குது” என்றாள் தென்றல். “பாவம். எத்தன தடவ கேக்கும்?”

செண்பகவல்லி மகளைப் பார்த்தாள். பிள்ளையின் முதுகு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சாமி படத்துக்கு முன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தேவதைகள் எந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்களோ தெரியாது.

“இல்ல” என்றாள்.

பிறந்ததிலிருந்து வீட்டுக்குள் அவள் சொன்ன முதல் ‘இல்ல’. சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தட்டு பதிவு செய்துகொண்டு, நன்றி என்று சொல்லிவிட்டு அமைதியானது. அதன் வேலை முடிந்தது. வாசலில் செருப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது.

சிதம்பரநாதன் தூக்குச்சட்டியோடு உள்ளே வந்து நிலையருகே நின்றான்.

“என்ன இல்ல?” என்றான்.

அவள் சட்டென்று திரும்பினாள். எட்டு வருஷத்தில் அவன் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்பான், நல்லாருக்கேன் என்பாள், அதோடு போயிற்று. அவனை அப்படிப் பழக்கியவள் அவள்தான் என்று அப்போது தோன்றியது. கண் நிறைந்துவிட்டது.

“ஷிப்டுக்கு நேரமாகலியா?”

“ஆயிட்டு. நீ சொல்லு. என்ன இல்ல?”

“சொன்னாக் கொஞ்ச நேரமாகும். ஒங்களுக்குக் கேக்கக் கஷ்டமா இருக்கும்.”

“இருக்கட்டும்” என்று அவன் தூக்குச்சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். “எங்கிட்டயும் ரெண்டு மூணு ‘இல்ல’ இருக்கு. மொதல்ல ஒன்னோடதச் சொல்லு.”

செண்பகவல்லி கல்யாணத்துக்கு மறுவாரத்திலிருந்து ஆரம்பித்தாள். அவன் நடுவில் ஒன்றிரண்டு இடத்தில் மறுத்தான், ஒரு இடத்தில் தலையைக் குனிந்துகொண்டான். அவள் குரல் உடைந்தது, அவன் குரல் உயர்ந்தது, தென்றல் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஓதம் ஏறிய கதைக்கு அவர்கள் வந்து சேர மதியமாகிவிட்டது.

மேலே தட்டில் எண் முப்பதாகி, இருபத்தேழாகி, இருபத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. நிமிர்ந்து பார்க்க அவர்களுக்கு நேரமில்லை.